212 முதல் 217 வரை

அம்மா டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிறவள்.
ஃப்ரே பென்டோஸ் இறைச்சி ஆலையில்
ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம்.
குமிழி இருந்தால், சுருக்கம் விழுந்தால்
கூலியில் பிடிப்பார்கள்.
அந்தக் கை ஒட்டினால் ஒட்டினதுதான்.

எனக்குப் பதினோரு வயது.
ஆற்றின் மறுகரையிலிருந்து
அப்பா ஒரு நாவல் கொண்டுவந்தார்,
நனைந்த கோணிச் சாக்கு வாசனையோடு.
முதலில் அம்மா வாசித்தாள், ஒரே ராத்திரியில்.
காலையில் என் கைக்கு வந்தபோது
நான்கு தாள்கள் சேர்ந்து ஓர் அட்டையாகியிருந்தன.
பூச்சி அரித்திருந்தது, அதான், என்றாள்.

211-இல் அந்தப் பையன்
படகுத்துறைப் படியில் உட்கார்ந்து
நாய்க்கு அரசியல் சொல்லிக்கொண்டிருக்கிறான்.
அப்பனைத் தேடி ஆறு ஊர் தாண்டி வந்தவன்.
கால்சட்டைப் பையில் ஒரே ஒரு வெங்காயம்.

218-இல் அவன் தலையில் தொப்பி.
சில்லறையை எண்ணித்தான் வாங்குகிறான்.
பெயர் என்ன என்று யாரோ கேட்க
குடும்பப் பெயரை விட்டுவிட்டுச் சொல்கிறான்.
நாயைக் காணோம்.

ஆறு பக்கத்துக்குள் ஒருவன்
எப்படி இவ்வளவு வளர்வான்?
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
எழுத்தின் மேல் எழுத்தேறி, கலைந்த எறும்புப் புற்று.
'ஐயா' என்று ஒரு சொல் மட்டும் பிடிபட்டது.

முத்தமாயிருக்கும் என்றாள் விர்தூதெஸ்.
முத்தம் ஆறு பக்கம் போகாது என்றேன்.
கொலை, என்றான் அவள் தம்பி, ரொட்டியை மென்றபடி.
நாய் செத்திருக்கும் என்று
நானாகவே ஒருநாள் அழுதும் வைத்தேன்.

அந்த ஏப்ரலில், இலைகள் உதிர்கிற மாதத்தில்,
தேவாலயப் பாட்டுக் குழுவோடு மறுகரை போனோம்.
சந்தையில் அப்பா.
தோளில் ஒரு பொடியன்,
அவர் இரு காதுகளையும் கடிவாளமாய்ப் பிடித்துக்கொண்டு.
அப்பாவும் பார்த்தார்.
விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்கிறவர் பார்வை
என்மேல் விழுந்து, தாண்டி,
தர்ப்பூசணிகள் மேல் போயிற்று.

அங்கே என்ன பார்த்தாய், என்றாள் அம்மா.
பெரிய கடிகாரம், என்றேன்.
அவள் மறுபடி கேட்கவில்லை.
பசைக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்,
வெகுநேரம்.

ஆலையை மூடிவிட்டார்கள். அம்மாவும் போய்விட்டாள்.
நேற்று, கெண்டி கொதிக்கும்போது
அதன் மூக்கருகே புத்தகத்தைக் காட்டினேன்.
மாவுப்பசை, பாவம், அதற்கும் வயதாகிவிட்டது.
ஒவ்வொரு தாளாக விட்டுக்கொடுத்தது.

கொலை இல்லை. முத்தம் இல்லை.
படகிலிருந்து ஒரு மனிதன் இறங்குகிறான், மனைவியோடு.
பையன் எழுந்து நிற்கிறான்.
யாரப்பா நீ, என்கிறான் மனிதன்.
ஆள் மாறிப்போச்சு ஐயா, என்கிறான் பையன்.
இவ்வளவுதான்.
மிச்சப் பக்கமெல்லாம் மழை.

நாய்க்குத்தான் பொய் வரவில்லை.
ஓடிப்போய் அந்த பூட்ஸை நக்குகிறது.
உதைத்தும் போகவில்லை.
வண்டி கிளம்ப, பின்னாலேயே ஓடுகிறது சேற்றில்.
பையன் கூப்பிடவில்லை.
கைக்குள் வெங்காயத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறான்,
அது நாவலில் மறுபடி வரவே இல்லை.

அப்படியானால் ஏப்ரலுக்கு முன்பே
அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.
அவள் எனக்காக ஒட்டினாள் மாவுப்பசையால்.
நான் அவளுக்காக ஒட்டினேன்
ஒரு பெரிய கடிகாரத்தால்.
பத்தொன்பது வருடம்
ஒரே மேசையில் எதிரெதிரே சூப் குடித்தோம்.
ஒரு குமிழி இல்லை. ஒரு சுருக்கம் இல்லை.

தாள்கள் சன்னலோரம் காய்கின்றன.
ஈரம் பட்டு ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது.
கூலியில் பிடித்திருப்பார்கள்.